விசாக நட்சத்திரத்து ரீகோ

துஷாந்தினிக்கு ஒரு நாளில் இருபத்துநாலு மணித்தியாலம் போதாது. போதும் என்று சொல்கிறவர்களை அவள் நம்புவதுமில்லை. காலை ஏழு மணிக்கு மொன்றியல் ரொக்ஸ்பரோவில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையைத் திறக்கவேண்டும். நாற்பத்தெட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அதில் ஆறு பேருக்கு முட்டை ஆகாது, மூன்று பேருக்குப் பால் ஆகாது, ஒருத்திக்குப் பச்சை நிறத்தில் எதுவுமே ஆகாது. மூன்று மணிக்கு வீடு வந்தால் தையல் மெஷின் காத்திருக்கும். அங்குள்ள தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்குச் சேலைச் சட்டை தைத்துக் கொடுப்பவள் அவள்தான், மற்றப் பாதிப் பேர் அவசரத்துக்கு வருவார்கள். கணவன் ரதீசன் பெரிய லொறி ஓடுகிறவன். கிழமையில் ஐந்து நாள் நோவா ஸ்கோஷியாப் பக்கம் எங்காவது நிற்பான். பதினாலு வயது மகள் அனோஜினியை நீச்சலுக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் இவள் தலையில்தான்.

இத்தனைக்கும் நடுவில் ரீகோ.

அகிசோனோ ரீகோ ஜப்பான் பாடகி. அனிமே தொடர்களுக்குப் பாடத் தொடங்கி, பிறகு தனியாக மேடையேறி, இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். கோடையில் தோக்கியோவில் பின்னேரம் ஆறு மணி என்றால் மொன்றியலில் விடிகாலை ஐந்து. அங்கே நிகழ்ச்சி நேரலையாகப் போகும் நாள்களில் துஷாந்தினி கைத்தொலைபேசியை அரிசி டின்னில் சாய்த்துவைத்து, காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு, ரொட்டிக்கு மாக் குழைப்பாள். ரீகோவின் கடைசிப் பாட்டும் கடைசி ரொட்டியும் அநேகமாக ஒன்றாக முடியும். பதினாறு வருடம் இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கு ஜப்பானிய மொழி நன்றாக விளங்கும். பிரெஞ்சைவிட நன்றாகவே வரும். இதை அவள் கியூபெக் அரசாங்கத்திடம் சொல்லவில்லை.

அந்த மொழியில் அவள் முதன்முதல் கற்ற வாக்கியம் ரீகோவிடமிருந்து வந்தது. நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது ரீகோ விடைபெறும் சொல் எதுவும் சொல்லமாட்டாள். வீட்டைவிட்டு வெளியே போகிறபோது ஜப்பான்காரர் சொல்கிற ஒன்றைச் சொல்வாள். நம் ஆட்கள் ‘போட்டு வாறன்’ என்று சொல்வதேதான்: போய்விட்டு வருகிறேன். மண்டபம் முழுக்க ஒரே குரலில், போய் வா என்று பதில் சொல்லும்.

யாராவது கேட்டால், சும்மா பொழுதுபோக்கு என்று சொல்லிவைப்பாள். ரதீசன் அதை ‘யப்பான் பைத்தியம்’ என்பான், கோபமில்லாமல். மகள் கொரியாக்காரரின் இரசிகை, ஆகவே தாயை ஒரு தலைமுறை பிந்திய ஆளாகவே பார்த்தாள். ஆனால் பதினாறு வருடத்தில் ரீகோவை ஒருதரம்கூட நேரில் பார்த்ததில்லை என்பது துஷாந்தினிக்கு உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டேயிருந்தது. ஒருமுறை ரொறன்ரோவுக்கு வந்தபோது அனோஜினி வயிற்றில் எட்டு மாதம். இன்னொருமுறை நியூ யோர்க் வர இருந்தபோது உலகமே முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது.

இந்த மே மாதம் செய்தி வந்தது. ஓகஸ்ட் மாதம் டவுன்டவுனில் நடக்கும் ஜப்பானிய விழாவில் ரீகோ பாடுகிறாள். சனிக்கிழமை, பகல் ஒரு மணி. துஷாந்தினி கார்டெரியின் சூப் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டாள். எடுத்தபிறகுதான் திகதியைச் சரியாகப் பார்த்தாள். 

அந்தச் சனிக்கிழமை முருகன் கோயில் திருவிழாவில் அவர்களுடைய உபயம். திருவிழா நாள் ஒன்றின் பூசையை ஒரு குடும்பம் பொறுப்பெடுத்துச் செய்வது சின்னக் காரியமில்லை, அதிலும் சனிக்கிழமை கிடைப்பது குதிரைக்கொம்பு. ரதீசன் மூன்று வருடமாகக் கேட்டு, தை மாதம்தான் கிடைத்தது. அன்றைக்கென்று வேலையில் லீவு வாங்கி, வேட்டி சால்வைகூட வாங்கிவைத்துவிட்டான். அவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. சீட்டை யாருக்காவது கொடுப்போம் என்று நினைத்தாள், கொடுக்கவுமில்லை. ஏதாவது நடக்கும் என்று சும்மா இருந்தாள். சும்மா இருப்பதில் உள்ள ஆபத்து, சில வேளை உண்மையிலேயே ஏதாவது நடந்துவிடும்.

யூலை இருபத்தாறு ரீகோவின் பிறந்தநாள். அன்று உலகம் முழுக்க அவளுடைய இரசிகர்கள் வீட்டில் ஒரு மேசை அலங்கரிப்பார்கள். சட்டம் போட்ட படம், பூ, சின்ன விளக்குகள், கேக், ‘பிறந்து வந்ததற்கு நன்றி’ என்று ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை. அதைப் படமெடுத்து ஆளுக்காள் காட்டிக்கொள்வார்கள். துஷாந்தினி எப்போதும் அறைக்குள்தான் வைப்பாள். இந்த முறை அறை முழுக்கத் தைக்கிற சட்டைகள் குவிந்து கிடந்ததால் ஹாலில் வைத்தாள். ரீகோவின் படம், சுற்றிவர வெள்ளையும் கத்தரிப்பூ நிறமுமாகப் பூக்கள், முன்னால் ஒரு விளக்கு. கத்தரிப்பூ நிறம் ரீகோவுக்குரிய நிறம். கேக் இன்னும் அடுப்புக்குள் இருந்தது.

அப்போதுதான் குணரத்தினம் அண்ணை வந்தார். கோயிலில் உபயகாரர் பட்டியலைப் பார்க்கிறவர் அவர். எத்தனை தேங்காய், எத்தனை லீற்றர் பால் என்று எழுதிய தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. துஷாந்தினி அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். திரும்பி வந்தபோது அவர் படத்துக்கு முன்னால் கைகட்டி, தலைகுனிந்து நின்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. தாளையும் தரவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். என்ன கோபமோ தெரியவில்லையே என்று அவள் நினைத்தாள். கேக் கருகிற மணம் வந்தது, அதோடு அவரை மறந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் எடுத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“பிள்ளை, நான் ஒண்டும் கேக்கேல்லை, நீரும் ஒண்டும் சொல்லவேண்டாம். ரதீசனோடையும் இப்ப கதைக்க விரும்பேல்லை, வண்டி ஓடுற பெடியன். துடக்கோடை உபயம் செய்யேலாதுதானே. உங்கட சனிக்கிழமையை அஜிதா ஆக்களுக்குக் குடுத்திட்டன். அடுத்த வருசம் பாப்பம்.”

துஷாந்தினிக்கு அப்போதுதான் பளிச்சென்று எல்லாம் வெளித்தது. படம், பூ, விளக்கு. நம் வீடுகளில் ஓர் ஆளின் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றினால் அந்த ஆள் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். செத்த வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது ‘போட்டு வாறன்’ என்றும் சொல்வதில்லை. அதுதான் மனிசன் வாய் திறக்காமல் போயிருக்கிறார். ரதீசனின் தம்பி ரொறன்ரோவில் லான் என்ற வியட்நாம் பெண்ணைக் கட்டியிருக்கிறான். குணரத்தினத்தாருக்கு வியட்நாமும் ஜப்பானும் ஒன்றுதான். புரியாத எழுத்தில் ஓர் அட்டையும் இருந்தது. லான் போய்விட்டாள் என்று அவரே முடிவுகட்டி, முப்பத்தொரு நாள் துடக்கும், அதுதான் சாவுத் தீட்டும், கணக்குப் பார்த்துவிட்டார்.

இதெல்லாம் அவள் மனதில் ஓட இரண்டு விநாடி பிடித்திருக்கும். மூன்றாவது விநாடியில் அவள் சொல்லியிருக்க வேண்டியது, ஐயோ அண்ணை, அப்படி ஒன்றுமில்லை என்று.

“ஓம் அண்ணை,” என்றாள்.

தொலைபேசியை வைத்தாள். சனிக்கிழமை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஓம் என்றுதானே சொன்னாள். ரதீசனுக்குக் கோயிலில் நாள் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று பின்னேரம் அவள் மூன்று சட்டைக்குக் கை பொருத்தினாள், மூன்றும் இடம் வலம் மாறிப்போயிற்று. பிரித்துத் தைத்தாள். சந்தோசமாக இருக்கவேண்டிய ஆள், ஆனால் ஹாலுக்குள் போய் அந்தப் படத்தைப் பார்க்கக் கண் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊரில், வட்டக்கச்சியிலிருக்கும் தாயோடு கதைத்தாள். தாய் கைத்தொலைபேசித் திரையில் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் காணாமல்போனோர் அலுவலகத்திலிருந்து வந்தார்கள் என்றாள். துஷாந்தினியின் தம்பி விதுர்சன் இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போரின் கடைசி நாள்களில் காணாமல்போனவன். மரணச் சான்றிதழ் எடுத்தால் சில காரியங்கள் சுகம் என்று வந்தவர்கள் விளக்கியிருக்கிறார்கள். தாய் அவர்களுக்குப் பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிட்டாள். விதுர்சனின் படம் அந்த வீட்டுச் சுவரில் இல்லை. சூட்கேசுக்குள், துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. சுவரில் ஏறினால் யாராவது பூ வைத்துவிடுவார்கள் என்று தாய்க்குப் பயம்.

“உயிரோடை இருக்கிறவனை நான் எப்பிடிப் பிள்ளை செத்தவனெண்டு எழுதிக் குடுக்கிறது? போட்டு வாறனம்மா எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவன்.”

பதினாறு வருடமாக அம்மா சொல்லுகிற அதே பேச்சு. மற்ற நாளென்றால் துஷாந்தினி உம் கொட்டிவிட்டு, மருந்து போட்டாயா என்று கேட்டிருப்பாள். அன்று தன்னுடைய ஓம்தான் காதில் கேட்டது. அம்மா ஒரு ஆளைச் செத்தவன் என்று சொல்ல மறுத்துப் பதினாறு வருடமாக நிற்கிறாள். நான் ஒரே ஓமில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஒருத்தி ரதீசனின் தம்பி மனைவி. மற்றவள் ரீகோ, தன்னை எழுப்பி உட்காரவைத்தவள். அவளைப் பார்க்கப் போவதற்காக அவளையே சாகவிட்டிருக்கிறாள்.

அப்படியே காரை எடுத்தாள்.

குணரத்தினம் கோயில் களஞ்சிய அறையில் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் திடுக்கிட்டார். துடக்குக்காரி கோயிலுக்குள் வரலாமா? அவர் எழும்ப முன்னமே அவள் சொல்லிவிட்டாள், ஒருத்தரும் சாகவில்லை, லான் ரொறன்ரோவில் நன்றாக இருக்கிறாள் என்று. படத்தில் இருக்கிறது ஒரு ஜப்பான் பாடகி, அன்று அவளுடைய பிறந்தநாள். அது தெரிந்தும் நான்தான் ஓம் என்றேன், அந்தச் சனிக்கிழமை அவளுடைய நிகழ்ச்சி, அதற்குச் சீட்டு எடுத்திருக்கிறேன் என்று மிச்சத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நிறுத்தினால் பிறகு சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் முதலில் கோபித்தார். கோபிக்க அவருக்கு உரிமையும் இருந்தது. அஜிதா அறுபது பேருக்குச் சொல்லிவிட்டாளாம். பிறந்தநாளுக்கு விளக்கேற்றுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். பிறகு திடீரென்று நெற்றியில் கைவைத்து, தன் மனைவி புஷ்பராணி காலையில் ரொறன்ரோவுக்குத் துக்கம் விசாரிக்கத் தொலைபேசி எடுக்கப்போவதாகச் சொன்னதை நினைவுகூர்ந்தார். உடனே மனைவிக்குத் தொலைபேசி அடித்தார். காரியம் மிஞ்சிவிட்டிருந்தது. புஷ்பராணி எடுக்க, மறுமுனையில் லானே எடுத்திருக்கிறாள். இறந்தவளிடமே இறந்த செய்தியைக் கேட்க வேண்டிய நிலைமையில் புஷ்பராணி, வெய்யில் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்திருக்கிறாள்.

இதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடிந்ததும் அவர் கேட்டார்.

“ஆர் பிள்ளை அவ உமக்கு?”

பொழுதுபோக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

“நான் இஞ்சை வந்து மூண்டு மாசத்திலை தம்பி காணாமல் போட்டான் அண்ணை. அந்த வருசம் எனக்குத் தமிழ்ப் பாட்டுக் கேக்கேலாது. எதைப் போட்டாலும் அவன் பாடுற மாதிரிக் கிடக்கும். விளங்காத பாட்டு ஒண்டைத்தான் கேக்கக்கூடியதா இருந்தது. அதைப் பாடினது அவ.”

மிச்சத்தை அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். நிலக்கீழ் அறை, வெளியே யாரையும் தெரியாது, ரதீசன் அப்போது இரண்டு வேலை. பழைய கொம்பியூட்டரில் எங்கேயோ தட்டுப்பட்ட ஒரு காணொளி. இவளுடைய வயதுதான், இருபத்துநாலு, ஒருத்தி தனியாக நின்று பாடுகிறாள். இருட்டில் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஆளுக்கொரு கத்தரிப்பூ நிற விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை பேர் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதை அவள் நாற்பது தரம் பார்த்திருப்பாள். அடுத்தநாள்தான் முதன்முதலாக எழும்பிக் குளித்துச் சமைத்தாள்.

போர் முடிந்த அந்த மே மாதத்தில் குணரத்தினத்துக்கும் ஓர் இழப்பு உண்டு.  ஒரு தேங்காயை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டியலை இழுத்து, அஜிதாவின் பெயரை வெட்டி, ரதீசனின் பெயரைத் திரும்ப எழுதினார். அஜிதாவுக்குத் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். துஷாந்தினி சரி என்று தலையாட்டினாள். சீட்டுப் போனது போனதுதான். நெஞ்சு கனத்தது, ஆனால் கூசவில்லை.

“உயிரோடை இருக்கிற பிள்ளையைச் செத்ததெண்டு நினைச்சுப்போட்டன். பாவம். ஆயுளுக்கு ஒரு அர்ச்சனை செய்யவேணும். நட்சத்திரம் என்ன?”

துஷாந்தினிக்கு ரீகோவின் உயரம் தெரியும், பிறந்த ஊர் தெரியும், வளர்த்த பூனைகளின் பெயர் தெரியும், இரத்தவகைகூடத் தெரியும். நட்சத்திரம் தெரியாது. பிறந்த திகதியைச் சொன்னாள். அவர் கைத்தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, கடைசியில் நிமிர்ந்தார். விசாகம் என்றார். எங்கட முருகன்ரை நட்சத்திரமல்லோ என்று அவருக்கு ஒரே சந்தோசப் புளுகம், தானே பெற்றுவிட்ட மாதிரி. அந்தப் புளுகத்தில்தான் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒரு மணி என்றாள்.

“சுவாமி வீதி சுத்தி உள்ளுக்கு வர பன்னிரண்டே முக்கால் ஆகும். அதுவரைக்கும் நில்லும். சாப்பாட்டுப் பந்தியை நான் பாக்கிறன்.”

ரதீசனுக்கு அன்றே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எங்கோ ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றான்.  நீ மே மாதமே சொல்லியிருக்கலாம் என்றான். அவ்வளவுதான் அவன் கோபித்தது.

சனிக்கிழமை அவள் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டினாள். கோயிலில் எல்லாரும் நிறம் வடிவு என்றார்கள். ஏன் அந்த நிறம் என்று அனோஜினிக்கு மட்டும் தெரியும். அவள் கண்ணை மட்டும் சுழற்றினாள். ஐயர் குடும்பத்தின் பெயர்களை நட்சத்திரத்தோடு வாசித்தார். ரதீசன், துஷாந்தினி, அனோஜினி. பிறகு, ஒவ்வொரு வருடமும் அவள் கொடுக்கிற பெயர், விதுர்சன். அர்ச்சனை இருக்கிறவர்களுக்குச் செய்வது. அவள் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. பிறகு ஐயர் தாளைக் கிட்டப் பிடித்து, ஒருதரம் இருமி, விசாக நட்சத்திரம், ரீகோ என்றார். ரதீசன் தர்ப்பை போட்ட கையால் அவளுடைய விரலை மெல்ல இடித்தான். துஷாந்தினிக்குக் கண் நிறைந்து, தீபாராதனை ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

சுவாமி உள்ளே வந்ததும் புறப்பட்டாள். நெடுஞ்சாலையில் வழமைபோல வீதி திருத்துகிறவர்களின் செம்மஞ்சள் கூம்புகள், மூன்று பாதைக்கு ஒரு பாதை. டவுன்டவுனில் காரை எங்கேயோ ஒரு நிலக்கீழ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு, பட்டுச்சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஓடினாள். வாளும் சிறகும் நீலத் தலைமயிருமாக வேஷம் போட்ட பிள்ளைகள் வழி விட்டார்கள். ஒரு பிள்ளை ஓடிவந்து, எந்தத் தொடரில் வருகிற ஆள் என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டது. தான் கோயிலிலிருந்து வருவதாகத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். அது எந்தத் தொடர் என்று அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டு நின்றது.

நிகழ்ச்சி பிந்தித்தான் தொடங்கியிருந்தது, ஆனாலும் உள்ளே போனபோது மூன்று பாட்டு முடிந்துவிட்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாள். முதலாவது அந்தப் பாட்டுத்தான், நாற்பது தரம் கேட்ட பாட்டு. அதைத் தவறவிட்டது இடி விழுந்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தாள், அப்படி ஒன்றும் இல்லை. மேடையில் ரீகோ நின்றாள். திரையில் கண்டதைவிடச் சின்ன ஆள். கண்ணுக்குக் கீழே இவளுக்கு இருக்கிற மாதிரியே கொஞ்சம் சுருக்கம். மூச்சு வாங்கியது, தண்ணீர் குடித்தாள், உச்சரிக்க வராத பிரெஞ்சில் மொன்றியலுக்கு வணக்கம் சொன்னாள், எல்லாரும் சிரிக்கத் தானும் சிரித்தாள். துஷாந்தினி கைப்பையிலிருந்து விளக்குக் கோலை எடுத்தாள். அதில் விபூதி ஒட்டியிருந்தது. துடைக்காமல் அப்படியே உயர்த்திப் பிடித்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்து ரீகோ நெடுநேரம் குனிந்து வணங்கினாள். பிறகு மேடை ஓரத்துக்குப் போய், திரும்பிப் பார்த்து, வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொன்னாள். போய்விட்டு வருகிறேன். மண்டபம் ஒரே குரலில், போய் வா என்றது. துஷாந்தினியும் சொன்னாள். பதினாறு வருடம் அரிசி டின்னுக்கு முன்னால் வாய்க்குள் சொன்னதை இன்று வாய்விட்டுச் சொன்னாள்.

விளக்குகள் போட்டார்கள். சனம் கலைந்தது. கோயிலில் ரதீசன் பந்தி முடித்து அவளுக்கென்று ஒரு சாப்பாட்டை எடுத்துவைத்திருப்பான், இரண்டு சட்டை நாளைக்குள் முடிக்கவேண்டும், திங்கட்கிழமை நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். அவள் எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள். கதவடிக்குப் போனவள், எதையோ மறந்த மாதிரித் திரும்பி நின்று, ஒருவருமில்லாத அந்த மேடையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“போட்டு வாறன்,” என்றாள்.